ஸ்டார்ட் ஆகாத பழைய பிக்கப்: புது பேட்டரியா, ஸ்கேனரா, மல்டிமீட்டரா?

சாவியைத் திருகினால் ஒரே ஒரு ‘டக்’. அப்புறம் ஒன்றுமில்லை. வீகோ மாடல் வருவதற்கு முந்திய டொயோட்டா ஹைலக்ஸ், மிட்சுபிஷி ஸ்டோர்ம் மாதிரி டீசல் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகவே பழக்கமான சத்தம். அந்த நேரத்தில் நம் கையில் மூன்று வழிகள் இருக்கின்றன: பேட்டரிக்காரருக்குப் போன் அடித்துப் புதுசு போடச் சொல்வது, வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் உள்ள பட்டறைக்கு இழுத்துப் போவது, இல்லாவிட்டால் வோல்ட், ஓம் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்து நாமே அளப்பது. மலேசியாவின் பட்டர்வொர்த்தில் பந்தல் சாமான் ஏற்றுகிற பழைய ஹைலக்ஸ் ஒன்றை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். நான் தேர்ந்தெடுத்தது மீட்டரை. தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் சாமான் இறக்கினால், ரோட்டை அடைப்பதற்குள் வண்டி வெளியே வந்தாக வேண்டும். ‘அனேகமாக இதுதான்’ என்று ஊகித்துப் பாகம் மாற்றிக்கொண்டிருக்க அங்கே நேரம் கிடையாது.

ஸ்கேனரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய டீசலில் அது படிப்பதற்குக் கம்ப்யூட்டரே இல்லை. டீசல் பாய்ச்சுவதைக் கம்ப்யூட்டரே கட்டுப்படுத்தும் காமன் ரெயில் வந்த பிறகான வண்டிகளின் கதை வேறு. இஞ்சின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால், அவற்றில் ரெயில் அழுத்தத்தையும் சென்சார்களையும் ஸ்கேனர்தான் காட்டும். அந்த வண்டிகளில் எனக்குக் கை பழக்கம் குறைவு. அங்கே என் பேச்சைவிடப் பட்டறைக்காரர் பேச்சைக் கேளுங்கள்.

பேட்டரி மாற்றுவதை ஒரேயடியாகத் தப்பென்று சொல்ல மாட்டேன். நம் ஊர் வெயிலில் பேட்டரி இரண்டு மூன்று வருடம் தாங்கினால் பெரிய விஷயம். ‘டக்டக்டக்’ என்று விடாமல் அடித்து, டேஷ்போர்டு விளக்கும் மங்கினால் முதல் சந்தேகம் பேட்டரி மேல்தான். வீட்டுக்கே வரும் பையன்கள் கையில் டெஸ்டரும் இருக்கிறது. நல்ல பையனாக இருந்தால், “பேட்டரி ஓகேண்ணே, வேற எங்கயோ பிரச்சினை” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். ஆனால் அந்த டெஸ்டர் பேட்டரியோடு நின்றுவிடும், கேபிளுக்குள் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. இதைவிட மோசம், கேபிள் கெட்டிருந்தாலும் புது பேட்டரி அதன் பலத்தில் கொஞ்ச நாள் தள்ளிவிடும். 300 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் கொடுத்துவிட்டு, சரியாகிவிட்டது என்று நம்பி இருப்போம். சில வாரம் கழித்துப் பழையபடி ‘டக்’.

இனி மீட்டர். பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதற்கு என்றால் அது வேண்டியதே இல்லை. விஷயம், இஞ்சினைச் சுழற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார் கரண்டை இழுக்கும்போது வோல்ட் எங்கே காணாமல் போகிறது என்பதில் இருக்கிறது. மூடிய குழாயில், அடைப்பு இருந்தாலும் அழுத்தம் முழுசாகத்தான் தெரியும். திறந்துவிட்டால்தானே குட்டு வெளிப்படும்! டீசல் ஸ்டார்ட்டர் 200 ஆம்பியருக்கு மேல் சாதாரணமாக இழுக்கும். வழியில் எங்காவது 0.01 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். அந்த 0.01 ஓமை மீட்டரின் ஓம் பக்கத்தில் வைத்து நம்பிக்கையாக அளக்க முடியாது. கேபிள் நன்றாக இருப்பதாகவே காட்டும். வோல்ட் பக்கத்தில் வைத்து, சாவியைத் திருகச் சொல்லிப் பார்த்தால் பளிச்சென்று தெரிந்துவிடும்.

அளக்கும் விதம் இதுதான். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு, பம்பில் டீசலை நிறுத்தும் மின்காந்த வால்வான டீசல் கட் சோலனாய்டின் ஒயரைக் கழற்றிவிடுங்கள், இஞ்சின் பிடிக்காது. மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் பாசிட்டிவ் ஈயக் குமிழ் மேலேயே இருக்கட்டும், குமிழைப் பிடித்திருக்கும் கிளாம்ப் மேல் வேண்டாம். இன்னொரு முனை ஸ்டார்ட்டரில் தடித்த கேபிள் வந்து சேரும் போல்ட்டில். ஆள் ஒருவர் சாவியைத் திருகும்போது 0.5 வோல்ட்டுக்கு மேல் வந்தால் அந்தப் பாதையில் கோளாறு. அப்புறம் நெகட்டிவ் குமிழுக்கும் ஸ்டார்ட்டர் உடம்புக்கும் நடுவே அதே மாதிரி. அங்கே 0.3-ஐத் தாண்டக் கூடாது.

என் வண்டியில் அந்த நெகட்டிவ், அதாவது எர்த் பக்கம் 2.8 வந்தது. வெளியே பார்க்கக் கேபிள் கறுப்பாக, ஒழுங்காகத்தான் இருந்தது. கிளாம்ப் ஓரத்தில் ரப்பர் உறையைக் கத்தியால் கீறியதும் உள்ளே செம்பு முழுக்கப் பச்சை பூத்து, நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. கடற்காற்று அடிக்கும் ஊரில் எர்த் கேபிளைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். சில பத்து வெள்ளியில் புதுக் கேபிள், பாடியில் பூட்டும் இடத்தைப் பெயின்ட் போகும்வரை உப்புத்தாளால் தேய்த்தேன், இப்போது அதே இடத்தில் 0.2. பழைய கேபிளைவிட மெலிதானது மலிவாகக் கிடைக்கும், அதை வாங்காதீர்கள்.

ஒன்றில் மட்டும் கவனம். கேபிளில் வோல்ட் குறையவே இல்லை என்றால் கேபிள் நல்லது என்று உடனே முடிவு கட்டக் கூடாது. கரண்டே ஓடாவிட்டாலும் மீட்டர் அப்படித்தான் காட்டும். ஸ்டார்ட்டரின் இரண்டு தடித்த போல்ட்டுக்கும் நடுவே மீட்டரை வைத்து மறுபடி சாவியைத் திருகச் சொல்லுங்கள். ‘டக்’ கேட்டும் ஏறக்குறைய 12 வோல்ட் அப்படியே நின்றால், ஸ்டார்ட்டரின் மின்காந்த சுவிட்சான சோலனாய்டுக்குள் இருக்கும் செம்புத் தட்டுகள் தேய்ந்து ஒட்டாமல் நிற்கின்றன. பழைய டென்சோ ஸ்டார்ட்டர்களில் அடிக்கடி வருவது இது. தட்டுகளை மட்டும் மாற்றலாம். ‘டக்’ சத்தமே இல்லாவிட்டால் மெல்லிய ஒயர் வந்து சேரும் முனையைப் பாருங்கள். சாவி திருகியும் அங்கே 10 வோல்ட்டுக்குக் கீழே என்றால் இக்னிஷன் சுவிட்சையும் ரிலேயையும் தேட வேண்டியதுதான்.

பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் ஹாஃப்கட் கடையில் ஸ்டார்ட்டர் முழுசாக வாங்கிப் போடலாமே என்பார்கள். கிடைக்கும்தான், ஆனால் அதற்குள்ளும் வயதான தட்டுகள்தானே? கழற்றிக்கொண்டு போனால் நம் ஸ்டார்ட்டருக்கே தட்டு மாற்றித் தரும் வயரிங் கடைகள் பட்டர்வொர்த்திலும் பிறையிலும் இருக்கின்றன. நான் அங்கேதான் போவேன்.