படத்தில் ஒரு தட்டு, பார்சலில் வேறு தட்டு: அரிய சோல் 45 வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

அறுபதுகளின் அமெரிக்க சோல் இசையின் 45களை (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள, நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் சின்ன இசைத்தட்டுகளை), அதிலும் இங்கிலாந்தில் நார்தர்ன் சோல் என்று பெயர் வாங்கிய வகையை, இணையத்தில் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் பணம் அனுப்புமுன் இதைப் படித்துவிடுங்கள். 1966 ஒரிஜினல் என்று சொல்லி 420 பவுண்டுக்கு ஒருவர் என் தலையில் கட்டியது எழுபதுகளில் அடித்த கள்ளப் பிரதி. நல்ல நிலையில் இருந்தால் அதற்குப் பத்துப் பதினைந்து பவுண்டு கிடைக்கும், அவ்வளவுதான். சண்டை போட்டுப் பணத்தைத் திரும்ப வாங்கிவிட்டேன். ஆனால் போன வாரம் அதே தட்டு, அதே படங்களோடு, வேறொரு கணக்கில் மறுபடி விற்பனைக்கு வந்திருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். விற்றவர் பெயரையோ பாட்டின் பெயரையோ போடப் போவதில்லை, இந்தச் சின்ன வட்டத்தில் பாட்டைச் சொன்னாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். லாஸ் ஏஞ்சலஸ் சின்ன லேபிள் (தட்டு வெளியிடும் நிறுவனம்) ஒன்றின் சிங்கிள் என்பது போதும்.

ஒரு பழைய சின்னத் தட்டுக்கு ஏன் இத்தனை விலை என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. மான்செஸ்டரின் ட்விஸ்டட் வீல், பிளாக்பூலின் மெக்கா, 1973 முதல் 1981 வரை நடந்த விகன் கசினோ போன்ற இடங்களில் வட இங்கிலாந்தின் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் ராத்திரிகளில் ஆடினார்கள். அவர்களுக்கு வேண்டியது அமெரிக்காவில் ஹிட்டான பாட்டு கிடையாது. அங்கே யாரும் சீண்டாமல் விட்ட, வேகமான தாளமும் உயிரைக் கொடுத்துப் பாடும் குரலும் உள்ள பாட்டு. லண்டன் கோவென்ட் கார்டனில் தட்டுக்கடை வைத்திருந்த டேவ் காடின்தான் அந்த ரசனைக்கு நார்தர்ன் சோல் என்று பெயர் வைத்தார். 1981-இல் சாஃப்ட் செல் பாடி உலகமெல்லாம் ஓடிய 'டெய்ன்டட் லவ்' பாட்டை முதலில் பாடியவர் க்ளோரியா ஜோன்ஸ். 1965-இல் சாம்பியன் லேபிளில், அதுவும் பி பக்கத்தில் வந்து, சுவடில்லாமல் போன பாட்டு அது. அதற்கு உயிர் கொடுத்தது வட இங்கிலாந்து நடன அரங்குகள்தான். தோற்றுப்போன தட்டு என்றாலே பிரதிகள் குறைவு, லேபிள் மூடியிருக்கும், மிச்சம் குப்பைக்குப் போயிருக்கும். கேட்பவர்களோ ஆயிரக்கணக்கில். விலை ஏறாமல் என்ன செய்யும்?

இதன் உச்சம் ஃப்ராங்க் வில்சன். 1965-இல் மோட்டவுன் நிறுவனத்தின் 'சோல்' என்ற லேபிளுக்காக அவர் பாடிய 'டூ ஐ லவ் யூ' வெளிவராமலே நின்றுபோய், அடித்த பிரதிகளை அழித்துவிட்டார்கள். தப்பியவற்றில் ஒன்று 2009-இல் 25,742 பவுண்டுக்குப் போனது, 2020-இல் 1,00,000 பவுண்டு என்று செய்தி வந்தது. அந்தத் தொகையைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. கசினோ காலத்தில் அந்தப் பாட்டு எடி ஃபாஸ்டர் என்ற பொய்ப் பெயரில் சுற்றியது, அந்தப் பெயரிலேயே கள்ளப் பிரதியும் வந்தது. தங்களிடம் இருக்கும் தட்டு எதுவென்று போட்டிக்காரருக்குத் தெரியக்கூடாதென்று டி.ஜே.க்கள் தட்டின் நடுவே இருக்கும் லேபிள் காகிதத்தை மறைத்து வேறு பெயர் சொல்வது அப்போது சாதாரணம், கவர்-அப் என்பார்கள். அந்த ரகசியம் உடைந்ததும் யாராவது ஒருவர் அதைப் பூட்லெக் அடித்து விற்றுவிடுவார். ஆக, கள்ளப் பிரதிகளுக்கே இன்றைக்கு ஐம்பது வயது. காகிதம் மஞ்சளித்திருக்கும், பழைய வாசனை வரும், பேனாவில் யாரோ பெயர் எழுதியிருப்பார்கள். பழசாகத் தெரிகிறது என்பதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். விற்றவர் இங்கிலாந்திலேயே இருப்பவர். கணக்கு பழையது, வாங்கியவர்கள் எழுதிய நல்ல கருத்துகளும் நிறைய. விஷயம் தெரிந்தவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது, நான் கேட்குமுன்பே இது மோனார்க், ஸ்டைரீன் (வழக்கமான வினைலுக்குப் பதில் சில ஆலைகள் பயன்படுத்திய, எளிதில் உடையும் பிளாஸ்டிக்) என்று அவரே சொன்னார். கசினோவில் ஆடிய ஒரு பெரியவரின் பெட்டியிலிருந்து வந்தது, நாற்பது வருஷமாக வெளியே எடுக்கவில்லை என்றார். இந்தப் பெட்டிக் கதையை யார் சொன்னாலும் அதற்காக ஒரு பென்னிகூட அதிகம் கொடுக்காதீர்கள். பெட்டி உண்மையாகவே இருக்கலாம், ஆனால் ஒரிஜினல் வாங்க வசதியில்லாத அந்தக் காலத்து இளைஞர்கள் பூட்லெக்கைத்தானே வாங்கினார்கள், அவர்களுடைய பெட்டிகளில் அவை நிறையவே இருக்கும்.

மோனார்க் என்பது லாஸ் ஏஞ்சலஸில் இருந்த தட்டு அடிக்கும் ஆலை. பாட்டு முடிகிற இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே ஒரு வெறும் வளையம் இருக்குமே, டெட் வாக்ஸ், அங்கே அந்த ஆலையின் அடையாளம் இருக்கும்: வட்டத்துக்குள் எம்.ஆர். என்ற முத்திரை, சின்ன முக்கோணம், முக்கோணத்தை ஒட்டி ஒரு வேலை எண். மறுபக்கத்தில் அதே எண், கடைசியில் ஓர் எக்ஸ் சேர்ந்திருக்கும். எண் வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போனதால், தட்டு எந்தக் காலத்தில் அடித்தது என்றுகூட ஓரளவுக்குச் சொல்லிவிடலாம். அவர் அனுப்பிய படங்களில் இது எல்லாம் பளிச்சென்று இருந்தது. ஏ பக்க லேபிளில் நீல மையில் இரண்டு இனிஷியல், பி பக்கத்தில் ஒன்றுமில்லை. ஓடவிட்டுப் பதிவு செய்த ஒலித்துண்டும் அனுப்பினார், சத்தம் அருமை.

பணம் கட்டும்போதுதான் முதல் உறுத்தல். பேபாலில் நண்பர்கள், குடும்பத்தார் வழியாக அனுப்பினால் 20 பவுண்டு குறைத்துக்கொள்கிறேன் என்றார். அந்த வழியில் அனுப்பினால் வாங்குகிறவருக்குப் பாதுகாப்பே கிடையாது. எத்தனை வருஷப் பழக்கமானாலும் நான் அப்படி அனுப்புவதில்லை, முடியாது என்று சொல்லி, பொருள் வாங்கும் முறையிலேயே கட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ஒத்துக்கொண்டார்.

விலை கூடிய எது வந்தாலும் பிரிப்பதைப் படம் பிடித்துவிடுவேன், இதையும் பிடித்தேன். உறையிலிருந்து எடுத்ததுமே ஏ பக்கத்தில் நீல மை இனிஷியல் இல்லை. அழித்த தடமும் இல்லை. லேபிளின் நிறம் கிட்டத்தட்ட சரி, ஆனால் சின்ன எழுத்துகள் கொழுத்திருந்தன. பாட்டெழுதியவர் பெயரிலும் பதிப்புரிமை வரியிலும் எழுத்தின் உள் ஓட்டைகள் மையில் அடைந்துபோயிருந்தன. ஒரிஜினல் லேபிளைப் படமெடுத்து அதிலிருந்து அச்சடித்தால் இப்படித்தான் வரும். ஸ்டைரீன் தட்டில் லேபிளைப் பிறகுதான் ஒட்டுவார்கள், விளிம்பை நகத்தால் தடவினால் காகிதம் தட்டுப்படும். வினைலில் சூட்டோடு சேர்த்து அழுத்துவதால் லேபிள் தட்டோடு ஒன்றிப்போயிருக்கும். இதில் நகத்துக்கு எதுவும் தட்டுப்படவில்லை. ஓரத்தில் லேசாகத் தட்டினால் ஸ்டைரீன் 'டிக்' என்று கணீரென்று கேட்கும், இது மந்தமாகக் கேட்டது. (வளைத்துப் பார்த்துச் சோதிக்காதீர்கள், உண்மையான ஸ்டைரீனாக இருந்தால் உடைந்துவிடும், பொக்கிஷம் போய்விடும்.) டெட் வாக்ஸில் முக்கோணமும் இல்லை, எம்.ஆரும் இல்லை. ஊசியால் கையால் கீறின மாதிரி ஒரு மேட்ரிக்ஸ் எண் (எந்தப் பதிவின் எந்தப் பக்கம் என்று காட்டும் எண்) மட்டும் கோணலாக இருந்தது.

கடைசியாக ஓடவிட்டேன். இரண்டாவது சரணம் தொடங்கும் இடத்தில் வரிசையாக நாலைந்து சொடுக்குச் சத்தம். தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அந்த இடம் கண்ணாடி மாதிரி, ஒரு கீறல் இல்லை. எங்கிருந்து வருகிறது அந்தச் சத்தம்? இந்தப் பிரதியை எந்தத் தட்டிலிருந்து பதிவு செய்தார்களோ அந்தத் தட்டின் கீறல் அது. மாஸ்டர் டேப் (ஸ்டுடியோவில் பதிவான மூல நாடா) கையில் இல்லாதவன் யாரோ தேய்த்த தட்டிலிருந்து எடுத்தால் அந்தத் தேய்மானமும் சேர்ந்தே அச்சாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத கீறல் காதுக்குக் கேட்டால் அதற்குமேல் எனக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

எழுதிக் கேட்டதும் அவர் சொன்ன முதல் பதில், இது வேறு ஆலைப் பிரதி, கிழக்குக் கரையில் வினைலில் அடித்தது என்பது. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி உண்மையைச் சொல்லித்தான் பலரை ஏமாற்றுகிறார்கள். ஒரே பாட்டை இரண்டு மூன்று ஆலைகளில் அடித்தது உண்டு, ஒன்று ஸ்டைரீன் இன்னொன்று வினைல் என்று இரண்டுமே ஒரிஜினலாக இருப்பதும் உண்டு. வினைல் என்பதற்காக மட்டும் எதையும் கள்ளம் என்று தள்ளக் கூடாது. ஆனால் வேறு ஆலை என்றால் லேபிளும் வேறாக இருக்கும், எழுத்துரு, வரிகள் இருக்கும் இடம், எண்ணின் இடம் எல்லாம் மாறும். என் கையில் இருந்ததோ மோனார்க் லேபிளின் அச்சு அசல் நகல், டெட் வாக்ஸில் மட்டும் மோனார்க் இல்லை. மோனார்க் லேபிளோடு மோனார்க்கில் அடிக்காத தட்டு என்றால் அதற்கு ஒரே விளக்கம்தான். இதைச் சொன்னதும் பேச்சு மாறியது. நான் அனுப்பியது ஒரிஜினல், நீதான் மாற்றி வைத்துவிட்டுப் பணம் கேட்கிறாய் என்று வாய்கூசாமல் எழுதினார். ஒட்டின டேப் கிழிவதிலிருந்து தட்டு வெளியே வருகிற வரை ஒரே ஓட்டமாக எடுத்த வீடியோ மட்டும் இல்லையென்றால் நான் அங்கேயே தோற்றிருப்பேன்.

இன்னொன்றும் கைகொடுத்தது. பழைய ஏல விலைகளைப் படத்தோடு சேர்த்து வைத்திருக்கும் பாப்சைக் தளத்தில் நண்பர் ஒருவர் தேடியபோது, அதே நீல மை இனிஷியல் உள்ள பிரதி பல வருஷம் முன்பே ஏலத்தில் விற்றிருந்தது. படங்களும் அங்கிருந்து எடுத்தவைதான், ஓரத்தை மட்டும் வெட்டியிருந்தார். இரண்டையும் சேர்த்து அனுப்பிய பிறகுதான் பேபாலில் நான் போட்ட புகார் எனக்குச் சாதகமாக முடிந்தது. ஆனால் தட்டைத் திருப்பி அனுப்பினால்தான் பணம் என்பது விதி. அனுப்பினேன், அது மறுபடி அவர் கைக்கே போனது. இந்த விதியால்தான் இந்தத் தட்டு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. எனக்கு ஆத்திரம் பணத்தைவிட இதில்தான்.

இனி என்ன கேட்க வேண்டும்? வெறும் படம் போதாது. உங்கள் பெயரும் அன்றைய தேதியும் எழுதிய துண்டுச் சீட்டை டெட் வாக்ஸ் பக்கத்தில் வைத்து இரண்டு பக்கத்தையும் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, லேபிளிலிருந்து தொடங்கி டெட் வாக்ஸைக் காட்டி, வெட்டாமல் அப்படியே தட்டைச் சுழலவிடும் வீடியோ. நேர்மையான வியாபாரி இதற்கு முகம் சுளிக்க மாட்டார், இங்கே பலர் கேட்குமுன்பே தருகிறார்கள். ஒலித்துண்டு எதையும் நிரூபிக்காது, அது எந்தத் தட்டிலிருந்தும் வரலாம்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தட்டுகளைப் பட்டியலிட்டு விற்கும் டிஸ்காக்ஸ் தளத்தில் இதுவரை விற்ற விலைகளின் சராசரியை வேதமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரிஜினல் பதிவின் கீழ் கள்ளப் பிரதியை யாராவது விற்றிருந்தால் அந்தக் குறைந்த விலையும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கும், மேல்பக்கம் யாரோ ஏமாந்து கொடுத்ததும் சேர்ந்திருக்கும். டெமோவா (விளம்பரத்துக்காக வானொலிகளுக்கு அனுப்பியது) கடைப் பிரதியா, லேபிளில் எழுத்து உண்டா, முக்கியமாக ஸ்டைரீன் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, இதை வைத்து ஒரே பாட்டின் விலை பல மடங்கு மாறும். ஸ்டைரீன் பார்வைக்குப் பளபளவென்று இருந்தாலும் கனமான ஊசி ஏறியிருந்தால் குரல் உயரும் இடங்களில் கரகரக்கும். ஆகவே பார்த்துப் போட்ட தரத்தை நம்பாமல், ஓடவிட்டுப் போட்ட தரத்தைக் கேளுங்கள்.

பாட்டுதான் வேண்டும், தட்டு எதுவானாலும் பரவாயில்லை என்றால் முறையாக உரிமம் வாங்கி வெளியிடும் மறுபதிப்புகளே போதும். கென்ட் லேபிள் 1982 முதல் இந்த வேலையைப் பொறுப்போடு செய்கிறது. பூட்லெக் அடித்தவன் பாடியவருக்குச் சல்லிக்காசு கொடுத்ததில்லை. வட இங்கிலாந்தில் தன் பாட்டுக்கு ஆயிரம் பேர் ஆடிக்கொண்டிருப்பதே தெரியாமல் அமெரிக்காவில் ஏதோ வேலை பார்த்துக்கொண்டிருந்த பாடகர்கள் எத்தனையோ பேர். அதை நினைத்தால் பத்து பவுண்டு கூடக் கொடுத்து உரிமம் உள்ளதை வாங்கத் தோன்றும்.

இப்போது சுற்றிக்கொண்டிருக்கும் அந்தப் பிரதி உங்களிடம் வந்தால் அடையாளம் இது: படத்தில் ஏ பக்கத்தில் நீல மை இனிஷியல் இருக்கும், தட்டில் இருக்காது. பி பக்க லேபிளில் மணி மூன்று காட்டும் இடத்தில், நடுத்துளையை ஒட்டி, பிறை மாதிரி ஒரு சின்னக் கிழிசல். கையால் கீறிய மேட்ரிக்ஸ் எண்ணின் கடைசி இலக்கம் மற்றவற்றைவிட மேலே ஏறியிருக்கும். பார்த்தால் பணம் அனுப்பாதீர்கள், விற்பனைப் பக்கத்தை அப்படியே படமெடுத்து எனக்கு அனுப்புங்கள், புகார் எண்ணோடு சேர்த்துத் தருகிறேன்.