பச்சை எண்களில் ஒரு நிலவுத் துயரம்: ஆர்பிட்டர், நாஸ்ப் மதிப்புரை

ஏறு எஞ்சின் எரியத் தொடங்க ஐந்து வினாடிகள் இருக்கும்போது, அப்பல்லோ 11இன் நிலவு இறங்குகலமான ஈகிளின் கணினிப் பலகையில் 99 என்ற எண் விட்டுவிட்டு ஒளிரும். எஞ்சினை இயக்க அனுமதி உண்டா என்று கணினி கேட்கும் கேள்வி அது. ‘புரொசீட்’ பொத்தானை அழுத்தினால் நிலவை விட்டுப் புறப்படலாம். கடந்த வாரம், என் கணினியில் ஓடிய சிமுலேஷனில், நான் அதை வேண்டுமென்றே அழுத்தாமல் விட்டேன். வினாடிகள் கடந்தன. எதுவும் வெடிக்கவில்லை; திரையில் ‘ஆட்டம் முடிந்தது’ என்ற அறிவிப்பும் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே சாம்பல் நிற மண் அப்படியே கிடந்தது. அப்பல்லோ 11 தோல்வியில் முடிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியைப் பற்றிப் பல காலமாக யோசித்து வந்த எனக்கு, அதன் உண்மையான முகம் எத்தனை அமைதியானது என்பது அந்த நேரத்தில்தான் விளங்கியது.

மார்ட்டின் ஷ்வைகர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட இலவச விண்வெளிப் பறப்புச் சிமுலேட்டர்தான் ஆர்பிட்டர். 2021இல் அதன் மூல நிரலும் திறந்த உரிமத்தின்கீழ் வெளியானது. அதன்மேல் நிறுவிக்கொள்ள வேண்டிய அப்பல்லோ துணைத்தொகுப்பு நாஸ்ப். தன்னார்வலர்கள் பல ஆண்டுகள் உழைத்து, அப்பல்லோ கலங்களின் மின்சுற்று, ஆக்சிஜன், குளிர்விப்பு, எரிபொருள் என ஒவ்வொரு அமைப்பையும் அதில் உயிர்ப்பித்திருக்கிறார்கள். அதிலுள்ள வழிகாட்டிக் கணினி வெறும் பாவனை அல்ல; 1969இல் ஈகிளில் ஓடிய லூமினரி என்ற நிரலே, பழைய கணினியைப் போலவே இயங்கும் எமுலேட்டர் வழியாக இங்கும் ஓடுகிறது. 2,048 ‘சொற்கள்’ (கணினி நினைவகத்தின் அலகு) மட்டுமே கொள்ளும் மாற்றத்தக்க நினைவகத்தோடு அந்தக் கணினி என்ன செய்ததோ, அதையே நம் மேசைமேலும் செய்கிறது.

மாற்று வரலாற்றை ஆராய்வதற்கு இதைவிடப் பொருத்தமான கருவியை நான் பார்த்ததில்லை. ஏனெனில் அந்தப் பயணத்தில் பிழைபோவதற்கு வாய்த்த இடங்கள் கற்பனையானவை அல்ல. இறங்கும்போது, தாய்க்கலத்தைக் கண்டறிய உதவும் சந்திப்பு ரேடாரிலிருந்து வந்த தேவையற்ற துடிப்புகள் கணினியின் நேரத்தைத் தின்றதால் கணினியின் சுமை மிஞ்சியதை அறிவிக்கும் 1202, 1201 அலாரங்கள் ஒலித்தன. முக்கியமற்ற வேலைகளைக் கைவிட்டு முக்கியமானவற்றை மட்டும் தொடரும்படி நிரல் எழுதப்பட்டிருந்ததால்தான் இறக்கம் தொடர்ந்தது. தானியங்கி வழிகாட்டுதல் கலத்தைப் பாறைகள் நிறைந்த பள்ளம் ஒன்றை நோக்கிக் கொண்டுசென்றபோது, ஆர்ம்ஸ்ட்ராங் கட்டுப்பாட்டைக் கையில் எடுத்து அதைத் தாண்டிப் பறந்தார். இறங்கிய பிறகோ, ஏறு எஞ்சினுக்கு மின்னிணைப்புத் தரும் சர்க்யூட் பிரேக்கரின் முனை உடைந்திருந்தது. ஆல்ட்ரின் ஒரு ஃபெல்ட் பேனாவால் அதை உள்ளே தள்ளினார். இவற்றில் எந்த ஒன்றை மாற்றிப்போட்டாலும் வரலாறு வேறு திசையில் திரும்பக்கூடும்.

முதலில் நான் மாற்றிப்பார்த்தது எரிபொருளை. சமதளம் தேடி வேண்டுமென்றே நீண்ட நேரம் மிதந்தேன். ஏறக்குறைய 65 அடி உயரத்தில் இறங்கு எஞ்சின் அணைந்தது. நிலவின் ஈர்ப்பு பூமியினுடையதில் ஆறில் ஒரு பங்குதான் என்பதால் விழுவதற்கு ஐந்து வினாடிகள் பிடித்தன. வேகமானியின் முள் வினாடிக்கு 26 அடியை நெருங்கியது. ஈகிளின் கால்கள் தாங்கும்படி வடிவமைக்கப்பட்ட செங்குத்து வேகமோ வினாடிக்குப் பத்து அடிதான். இறக்கத்தைக் கைவிட்டு மேலேறும் பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், அந்த ஐந்து வினாடிகளுக்குள் முடிவெடுத்து அதை அழுத்த என்னால் முடியவில்லை. எரிபொருள் கணக்கில் ‘முப்பது வினாடி’ என்று ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறையிலிருந்து சார்லி டியூக் அறிவித்தபோது அங்கே நிலவிய மௌனத்தை இப்போது வேறு விதமாகக் கேட்கிறேன்.

ஆனால் என்னை விட்டு அகலாதது அந்த இரண்டாவது சோதனை, பொத்தானை அழுத்தாமல் விட்டது. ஏறு எஞ்சினுக்கு மாற்று எஞ்சின் கிடையாது. அதன் எரிபொருளும் ஆக்சிஜனேற்றியும் ஒன்றையொன்று தொட்ட கணமே எரியக்கூடியவை என்பதால் பற்றவைப்பான்கூடத் தேவைப்படவில்லை; எளிமையையே காப்பாக நம்பி அமைக்கப்பட்ட எஞ்சின் அது. அது இயங்காவிட்டால் என்ன நடக்கும் என்பதை நாஸ்ப் எந்த நாடகமும் இன்றிக் காட்டுகிறது. சிமுலேஷன் தொடர்ந்து ஓடுகிறது. மின்கலத்தின் ஆம்பியர் கணக்கு குறைகிறது, ஆக்சிஜனின் அளவு குறைகிறது. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, 110 கிலோமீட்டர் உயரத்தில் நிலவைச் சுற்றும் தாய்க்கலமான கொலம்பியா தொடுவானத்தில் எழுந்து, சுமார் 13 நிமிடங்களில் மறுபக்கம் மறைகிறது. அதற்குக் கால்கள் இல்லை. இறங்கி வர முடியாது. ஈகிள் எப்படியாவது ஒரு தாழ்ந்த பாதைக்கு ஏறிவிட்டால் போய்ச் சேர்வதற்காகப் பதினெட்டு வகையான சந்திப்புத் திட்டங்களைக் கொலம்பியாவில் இருந்த மைக்கேல் காலின்ஸ் கைவசம் வைத்திருந்தார். ஏறவே முடியாத நிலைக்கு அவற்றில் ஒன்றும் உதவாது.

மூன்றாவது முறை கொலம்பியா கடந்தபோது, பார்வையை அதற்குள் மாற்றிக் காலின்ஸின் இருக்கையிலிருந்து கீழே பார்த்தேன். ஈகிள் கண்ணுக்குத் தெரியவில்லை. 1969 ஜூலை 18 அன்று, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்சனின் உரை எழுத்தாளர் வில்லியம் சஃபயர் இந்த நிலைக்காகவே ஒரு குறிப்பை எழுதினார்: குடியரசுத் தலைவர் முதலில் அவ்விருவரின் மனைவியரோடும் தொலைபேசியில் பேச வேண்டும், பின்னர் நாட்டுக்கு உரையாற்ற வேண்டும், நாசா தொடர்பைத் துண்டிக்கும்போது ஒரு மதகுரு கடலில் அடக்கம் செய்யும் முறைப்படி பிரார்த்தனை செய்ய வேண்டும். முன்பெல்லாம் இந்தக் குறிப்பை ஒரு வரலாற்று விந்தையாகவே படித்திருக்கிறேன். ‘தொடர்பைத் துண்டிக்கும்போது’ என்ற சொற்களுக்குப் பின்னால், காற்று தீராத இரண்டு மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதை அந்த இருக்கையில்தான் உணர்ந்தேன்.

இந்த மென்பொருள் எல்லாவற்றையும் தருவதில்லை. ஆர்பிட்டரின் 2016 பதிப்பு நிலவின் மேடுபள்ளங்களைக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் ஆர்ம்ஸ்ட்ராங்கை விலகிப் பறக்கவைத்த பாறைகள் அதில் இல்லை. ஆகவே இறக்கத்தின் மிகப்பெரிய ஆபத்தை நாம்தான் மனத்தில் நிரப்பிக்கொள்ள வேண்டும். தளபதியின் வேலையையும் அருகிலிருப்பவரின் வேலையையும் ஒருவரே செய்யவேண்டியிருப்பதால், இருவர் பேசிப்பேசிப் பிழைகளைத் தவிர்த்த விதமும் நழுவிவிடுகிறது. எனக்கு இதுவே பெரிய குறை.

கற்றுக்கொள்வது கடினம் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. நூற்றுக்கணக்கான சுவிட்சுகள் உள்ளன. சரிபார்ப்புப் பட்டியலை நிரல் தானே படித்துக்காட்டினாலும், ஒவ்வொரு படியும் எதற்கு என்பது புரியாமல் செய்தால் அலுப்புத்தான் மிஞ்சும். பொறுமையாக வாரக்கணக்கில் உட்காரத் தயாராக இருப்பவர்களுக்கே இதைப் பரிந்துரைக்கிறேன்.

ஜாய்ஸ்டிக் இல்லாமல் இறக்கத்தை முயலாதீர்கள். அப்பல்லோ 11இன் இறக்கத்துக்குச் சற்று முன் தொடங்கும் காட்சியிலிருந்து ஆரம்பிப்பது நல்லது. முதல் இரண்டு முறையாவது வரலாற்றில் நடந்தபடியே இறங்கி, நடந்தபடியே ஏறி, கொலம்பியாவோடு இணைந்துவிடுங்கள். பிறகு எதை வேண்டுமானாலும் மாற்றிப்பாருங்கள். ஏறும் நேரம் நெருங்கும்போது, 99 ஒளிர்வதற்கு முன்பே நிலையைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படிச் செய்திருந்ததால், நான்காவது சுற்றுக்குக் காத்திராமல் அந்த இடத்துக்குத் திரும்பிச் சென்று பொத்தானை அழுத்தினேன்.