டபள் கெப்பை உயர்த்துவதா, டயரோடு நிறுத்திக்கொள்வதா?

கொழும்பில் டபள் கெப் வைத்திருக்கிற பலருக்கும் ஆசை இரண்டு. வார நாளில் காலி வீதி நெரிசலில் சத்தம் போடாமல் ஓட வேண்டும், லீவு கிடைத்தால் மீமுரே பக்கமோ கல்பிட்டி மணலிலோ இறக்க வேண்டும். அதற்கு வாகனத்தில் என்ன செய்யலாம் என்று விசாரித்தால் இரண்டு கட்சிக்காரர்கள் வருவார்கள். முதலில் இரண்டு அங்குலம் உயர்த்து, மற்றதெல்லாம் பிறகு என்பது ஒரு கட்சி. நல்ல டயரைப் போடு, காற்றை இறக்கப் பழகு, பூட்டிக் கழற்றக்கூடிய சாமான்களோடு நின்றுகொள் என்பது மற்றது. நான் இரண்டாவது கட்சி, அதை மறைக்கப் போவதில்லை. என்னுடையது ஹைலக்ஸ். டீமேக்ஸ், எல்200, ரேஞ்சர் வைத்திருப்பவர்களுக்கும் கணக்கு பெரிதாக மாறாது.

வாகனத்தை உயர்த்தப் பூட்டுகிற ஸ்பிரிங், ஷொக் தொகுதிதான் லிஃப்ட் கிட், அதன் நன்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். வாகனத்தின் வயிறு உயரும், முன் பம்பர் மேட்டில் முட்டுவது குறையும், பார்க்கவும் கம்பீரமாக இருக்கும். ஆனால் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பின் அச்சின் நடுவில் தொங்குகிற டிஃப் (டிஃபரென்ஷியல்) உருண்டை, எந்த கிட் போட்டாலும் பழைய உயரத்திலேயேதான் நிற்கும். ஸ்பிரிங் உயர்த்துவது அச்சுக்கு மேலே இருப்பதை மட்டும்தான். அச்சையே உயர்த்த வேண்டுமானால் பெரிய டயர் போட வேண்டும், அதிலும் 265/65 R17 இலிருந்து 265/70 R17க்குப் போனால் நிலத்திலிருந்து கூடுவது 13 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலம். அந்த அரை அங்குலத்துக்கு மீட்டர் 100 காட்டும்போது 103க்கு மேல் ஓடிக்கொண்டிருப்பீர்கள்.

முன்பக்கம் இன்னொரு கதை. ஹைலக்ஸின் முன் சில்லுகளுக்குச் சக்தி கொண்டுபோகும் சீவி ஷாஃப்ட் உயர்த்திய பிறகு கூடுதலாகச் சாய்ந்து வேலை செய்யும், மேல் ஆர்மின் போல் ஜொயின்டும் தன் எல்லைக்குக் கிட்டப் போய்விடும். இரண்டு அங்குலம் வரை அநேகமாகச் சமாளிக்கும் என்கிறார்கள், ஆனால் எலைன்மென்ட் கட்டாயம் பார்க்க வேண்டும், ஹெட்லைட்டைத் திரும்பக் கீழே இறக்க வேண்டும், சீவி ரப்பர் உறையை அடிக்கடி குனிந்து பார்க்க வேண்டும். நான் கிட் போட்டு ஓட்டியவன் இல்லை, கூட வருகிற ஒருவருடைய வாகனத்தில் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன். அவர் திருப்தியாகத்தான் இருக்கிறார்.

சரி, டயருக்கு வருவோம். கம்பனி போட்டுத் தரும் டயர் கார்ப்பெட் றோட்டுக்கானது. மணலிலும் ஈரக் களியிலும் மாட்டிக்கொண்டு நிற்கிற வாகனங்களில் பெரும்பாலானவை உயரம் போதாமல் நிற்பதில்லை, பிடிமானம் போதாமல்தான் நிற்கின்றன. அதே அளவில் ஓல்-டெரெய்ன், அதாவது தார் றோட்டுக்கும் மண் பாதைக்கும் பொதுவான டயர் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். சேற்றுக்கென்றே செய்த மட்-டெரெய்ன் வேண்டாம் என்பது என் கருத்து. கட்டை கட்டையாக இருக்கிற அந்த டயர் சேற்றில் ராஜா, ஆனால் மரைன் டிரைவில் மழை பெய்து முடிந்த கையோடு பிரேக் அடித்துப் பாருங்கள், வழுக்கும். ஓல்-டெரெய்னிலும் 60க்கு மேல் போனால் ஒரு முனகல் இருக்கும், ரேடியோவை ஒரு புள்ளி கூட்டினால் தெரியாது.

மீதிப் பாதி காற்றில் இருக்கிறது, அதற்குச் செலவே இல்லை. சாரதிக் கதவின் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் றோட்டுக்கான அளவு இருக்கும், பொதுவாக 30 பிஎஸ்ஐயை ஒட்டி. கல்பிட்டி மாதிரி உதிரி மணலுக்கு அதை 16, 18க்கு இறக்குகிறேன், கல் பாதைக்கு 24, 25. இறக்கியதும் டயரின் பக்கச் சுவர் பிதுங்கும், நிலத்தில் படுகிற தடம் அகலத்தைவிட நீளத்தில்தான் அதிகம் கூடும், சில்லு மணலைத் தோண்டாமல் மேலே ஏறி நகரும். 15க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் றிம்மை விட்டுக் கழன்றுவிடலாம், அதனால் அந்த எல்லையைத் தாண்டுவதில்லை. தார் றோட்டுக்கு ஏறுவதற்கு முன் திரும்ப அடித்தே ஆக வேண்டும், குறைந்த காற்றில் வேகமாக ஓடினால் பக்கச் சுவர் சூடாகி உள்ளுக்குள் பிய்ந்துவிடும். அதற்குக் கையடக்கக் கம்பிரசர் ஒன்று போதும், சிகரெட் லைட்டர் துளையில் செருகுவது வேண்டாம், ஃபியூஸ் எரியலாம். பற்றரியிலேயே கிளிப் போடுகிற வகையைப் பாருங்கள். (வெறும் காலோடு நின்று நான்கு டயருக்கும் காற்று அடிக்கிற அந்த நேரத்தில்தான் யாராவது வந்து, ஏன் தம்பி, பஞ்சரா என்று கேட்பார்கள்.)

ஆனால் நான் இந்தப் பக்கம் சாய்ந்ததற்கு உண்மையான காரணம் மணலும் இல்லை, சேறும் இல்லை. விற்கிற விலை.

நம் நாட்டில் வாகனம் என்பது பாதி சேமிப்புக் கணக்கு. 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். திறந்த பிறகும் வரியைப் பார்த்தால் புது டபள் கெப் கனவுதான், ஆகவே கையில் இருப்பதை எல்லாரும் பொன்போலக் காக்கிறார்கள். வாங்க வருகிறவர் தனியாக வரமாட்டார், கூட ஒரு மெக்கானிக் பாஸ் வருவார். அவர் வெளியே பெயின்டைத் தட்டிப் பார்த்துவிட்டு நேராகக் கீழே படுப்பார். டோர்ச்சை செசியின், அதாவது அடிச்சட்டத்தின், நீளத்துக்கும் அடித்து, விரலால் ஓரத்தைத் தடவிக்கொண்டே போவார். புதிதாக வெல்டிங் பிடித்த இடம், துளை போட்டுக் கறுப்புப் பெயின்டால் மூடிய இடம், ஃபெக்டரியில் போட்ட வர்ணக் குறி கலைந்த நட்டு, எல்லாம் அங்கே வெளிச்சத்துக்கு வரும். ஓஃப்-றோட் அடித்த வாகனம் என்ற முடிவுக்கு அவர் வந்துவிட்டால் பேரம் வேறு இடத்தில் தொடங்கும். லீசிங்கில் எடுத்ததென்றால் இன்னும் கவனம், பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் லீசிங் கம்பனிதான், வெட்டி ஒட்டுகிற உரிமை நமக்கு இல்லை. 2025 ஜனவரியில் வாகனங்களில் அனுமதியில்லாமல் பூட்டிய சாமான்களைக் கழற்றச் சொல்லிப் பொலிஸ் இறங்கியதும் நினைவிருக்கும்.

அதனால் எதைப் பூட்டுவதானாலும் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இதைக் கழற்றினால் தடம் இருக்குமா? போல்டில் பூட்டுகிற லிஃப்ட் கிட் இந்தக் கேள்வியில் பாதிதான் தேறும். கழற்றலாம், ஆனால் பழைய ஸ்பிரிங்கையும் ஷொக்கையும் எண்ணெய் பூசிப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், மாடி வீட்டில் இருப்பவர் எங்கே வைப்பது? வருடக்கணக்கில் துருப்பிடித்து இறுகிய போல்டைக் கழற்றும்போது பாதி முறியும். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் கடல் காற்று படுகிற இடத்தில் நிறுத்துகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இஞ்சினுக்குக் காற்றை மேலே கூரை உயரத்திலிருந்து எடுக்கிற குழாயான ஸ்நோர்க்கல் முழுத் தோல்வி. மட்கார்டில் ஒரு பெரிய வட்டம் வெட்ட வேண்டும், அதைத் திரும்ப மூட முடியாது, மட்கார்டையே மாற்ற வேண்டும். எலுவன்குளத்துச் சப்பாத்துப் பாலத்தில் கலா ஓயா பாயும்போது அது தேவைப்படாதா என்று கேட்கலாம். ஹைலக்ஸுக்குக் கம்பனி சொல்லும் ஆழம் 700 மில்லிமீட்டர், ரேஞ்சருக்கு 800. அதற்கு மேல் தண்ணீர் ஓடினால் ஸ்நோர்க்கல் இருந்தாலும் வாகனத்தை நீரோட்டம் தள்ளிக்கொண்டு போகும், நான் இக்கரையிலேயே நின்றுகொள்வேன். டிஃப்பின் மூச்சுக்குழாயில் ஒரு நீள ஹோஸை மாட்டிப் பொனட்டுக்குள் கொண்டுவருவது மட்டும் செய்யத் தகுந்தது. ஓடிச் சூடான டிஃப் தண்ணீரில் இறங்கியதும் குளிர்ந்து, அந்த வழியாகத்தான் தண்ணீரை உள்ளே இழுக்கும். ஹோஸை இழுத்தால் வந்துவிடும், தடம் இல்லை.

கழற்ற முடிந்ததெல்லாம் நல்லது என்றும் இல்லை. பின் தட்டுக்குள் இறக்கி வைக்கிற பிளாஸ்டிக் லைனர் அப்படித்தான் ஏமாற்றும். அதற்கும் தகரத்துக்கும் இடையில் கல்பிட்டி மணல் ஒரு பிடி போய்ச் சேர்ந்தால் போதும், ஓட ஓட உரசிப் பெயின்டைத் தின்றுவிடும், அடியில் தேங்கிய மழைநீர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஸ்ப்ரே லைனர் பாதுகாப்பு, ஆனால் நிரந்தரம். நான் தடித்த ரப்பர் பாயோடு நிற்கிறேன், வீட்டுக்கு வந்ததும் தூக்கி ஹோஸால் அடித்துவிட்டு வெயிலில் போட்டால் வேலை முடிந்தது.

லைட் பார் பூட்டுவதானால் ரிலேயுடன் வருகிற தனி வயர் கட்டை வாங்குங்கள், ஃபெக்டரி வயரை வெட்டி முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்ற ஆளை விடாதீர்கள். சாமான் ஏற்ற ரெக் போடுவதென்றால் தட்டின் விளிம்பைக் கவ்வுகிற கிளாம்ப் வகை.

மாட்டிக்கொண்டால் வெளியே வர: கேபிளைச் சுற்றி வாகனத்தை இழுக்கிற வின்ச்சுக்கு இரும்பு பம்பர் வேண்டும், முன் அச்சில் பாரம் ஏறும், பிறகு ஸ்பிரிங்கும் மாற்ற வேண்டிவரும், ஒன்றைத் தொட்டால் மற்றது இழுக்கும். மணல் பலகை ஒரு சோடி, நீண்டு சுருங்குகிற இழுவைக் கயிறு, ஒரு மண்வெட்டி, இவற்றோடு செசியில் ஏற்கனவே இருக்கிற துளைகளில் போல்ட் ஆகிற, எடை குறித்த இழுவைக் கொக்கி. வாகனத்துக்கு அடியில் இருக்கிற சின்ன வளையம் கப்பலில் கட்டி அனுப்பப் போட்டது, அதில் கயிற்றைப் போடாதீர்கள். பின்னால் ட்ரெய்லர் மாட்டுகிற உருண்டையான டோ போலில் போடவே வேண்டாம், அது முறிந்து பறந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். தனியாகப் போகிறவருக்கு வின்ச்சின் அருமை வேறு, அதை நான் மறுக்கவில்லை. நாங்கள் இரண்டு வாகனமாகத்தான் போவது.

உயர்த்தும் கட்சி வெல்கிற இடமும் உண்டு. மழைக்காலத்தில் டிராக்டர் ஓடிக் குழி விழுந்த தோட்டத்து றோட்டில் இரண்டு தடத்துக்கும் நடுவில் உள்ள மேடு வாகனத்தின் வயிற்றைத் தாங்கிக்கொள்ளும், அங்கே டயரும் காற்றும் எதுவும் செய்யாது. மாதாமாதம் அப்படிப்பட்ட பாதையில் போகிறவர், வாகனத்தை விற்கும் எண்ணமே இல்லாதவர், உயர்த்தட்டும். பின்னால் எப்போதும் பாரம் ஏற்றுகிறவர்களுக்கும் ஸ்பிரிங் கணக்கு வேறாக இருக்கலாம், நான் பெரும்பாலும் வெறும் தட்டோடு ஓடுகிறவன்.

டயர் வழியில் போவதென்றால் கையிலிருக்கிற வசதிக்கு ஏற்ப இரண்டாவது றிம் செட் ஒன்று பாருங்கள், பஞ்சிகாவத்தையில் தேடினால் கம்பனி றிம்மே பழையதாகக் கிடைக்கும். ஒரிஜினல் டயரை அதன் றிம்மோடு நிழலில் வைத்துவிட்டு, விற்கும்போது அதையே பூட்டிக் கொடுத்துவிட்டு, ஓல்-டெரெய்ன் செட்டைத் தனியாக விற்கலாம். ஆனால் ஓடாவிட்டாலும் ரப்பர் வயதாகும். பக்கச் சுவரில் DOT என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள், 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது, வாங்க வருகிற பாஸும் அதைத்தான் முதலில் வாசிப்பார்.