பச்சை டிக் வந்தது, ஃபோல்டரைக் காணோம்: ஓர் அன்டிவைரஸோடு நான்கு வருடம்

பண்டாரவளையில் புதிதாகக் கொமியூனிகேஷன் கடை போடப்போகும் தம்பி ஒருவர் போன வாரம் போன் பண்ணினார். "அண்ணே, காசு கட்டி அன்டிவைரஸ் வாங்கத்தான் வேணுமா? நீங்க போட்டிருக்கிறது எப்படி?" என்று கேட்டார். ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் என் கடையில் மூன்று கொம்பியூட்டர்கள். 2021 கடைசியில் வாங்கிப் போட்டு, வருசா வருசம் புதுப்பித்து வந்தேன். அவர் கேட்ட நேரம் சரியில்லை, போனில் கோபமாகவே பேசிவிட்டேன். இப்போது நிதானமாக எழுதுகிறேன். பெயரைச் சொல்லவில்லை. இந்தக் குறை அந்த ஒன்றுக்கு மட்டும் உரியதும் இல்லை.

எங்கள் மாதிரிக் கடைக்கு வைரஸ் பெரும்பாலும் இன்டர்நெட் வழியாக வருவதில்லை, பென் டிரைவில்தான் வருகிறது. டீச்சர்மார் வினாத்தாள் கொண்டு வருவார்கள், தோட்டத்துப் பிள்ளைகள் வேலைக்குப் போடும் விண்ணப்பம் கொண்டு வருவார்கள். அதே பென் டிரைவ் அதே நாளில் இன்னும் இரண்டு கடை ஏறி இறங்கியிருக்கும். அதில் வருவது அநேகமாக ஷோர்ட்கட் புழு. எல்லாவற்றையும் வைரஸ் என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் வைரஸ் இன்னொரு ஃபைலுக்குள் ஒட்டிக்கொண்டு பரவும், புழுவுக்கு அந்தத் தேவை இல்லை, தன்னைத்தானே நகலெடுத்துக்கொண்டு போகும்.

அது செய்வதைக் கிட்டே நின்று பார்த்திருக்கிறேன். உள்ளே இருக்கும் ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷோர்ட்கட் வைக்கும், அதாவது வேறொன்றைத் திறந்துவிடும் குறுக்குவழி. படமும் ஃபோல்டர் படம்தான், மூலையில் சின்ன அம்புக்குறி மட்டும் இருக்கும். ரைட் கிளிக் பண்ணி ப்ரொப்பர்ட்டீஸில் டார்கெட் வரியைப் பாருங்கள். ஃபோல்டர் இருக்கும் இடத்துக்குப் பதிலாக 'சிஎம்டி' என்றோ 'டபிள்யூஸ்க்ரிப்ட்' என்றோ, கட்டளைகளை ஓட்டும் விண்டோஸ் நிரல் ஒன்றின் பெயரில் தொடங்கும். கிளிக் பண்ணினால் முதலில் புழு ஓடும், பிறகு உண்மையான ஃபோல்டரும் திறக்கும். அதனால் ஆளுக்குச் சந்தேகமே வராது. அதற்குள் அது கொம்பியூட்டரில் குடியேறி, அடுத்து செருகும் ஒவ்வொரு பென் டிரைவிலும் ஏறிக்கொள்ளும். சில வகைகள் அதோடு நிற்பதில்லை, பாஸ்வேர்ட் திருடும் நிரல்களையும் கூட்டிக்கொண்டு வரும்.

இந்த இடத்தில்தான் எனக்கு எரிச்சல். என் அன்டிவைரஸ் புழுவைப் பிடிக்கும், ஷோர்ட்கட்டை அழிக்கும், "அச்சுறுத்தல் நீக்கப்பட்டது" என்று பச்சை டிக் போடும். ஆனால் மறைந்த ஃபோல்டரைத் திரும்ப வெளியே கொண்டுவராது. பென் டிரைவ் வெறுமையாகத் தெரியும். 8 ஜிபியில் 5 ஜிபி நிறைந்திருப்பதாக நீலக் கோடு காட்டும், திறந்தால் ஒன்றுமே இருக்காது. 'ஹிடன் ஐட்டம்ஸ்' டிக் பண்ணினாலும் தெரியாது, ஏனென்றால் புழு அவற்றுக்கு 'சிஸ்டம்' என்ற முத்திரையையும் சேர்த்துக் குத்திவிடுகிறது. கொமாண்ட் ப்ரொம்ப்ட்டைத் திறந்து, இந்த முத்திரைகளை மாற்றும் அட்ரிப் கட்டளைக்குப் பின்னால் கழித்தல் எச் (ஹிடன்), கழித்தல் எஸ் (சிஸ்டம்) போட்டு அடித்தால்தான் எல்லாம் வெளியே வரும். ஒரு நிமிட வேலை. அந்த நிமிடத்தை நான்கு வருடமாக நான்தான் செய்து வந்தேன்.

ஒரு நாள் நான் கடையில் இல்லை, சாப்பிடப் போயிருந்தேன். பொகவந்தலாவைப் பக்கமிருந்து ஒரு டீச்சர் தவணைப் பரீட்சை வினாத்தாள்களோடு வந்திருக்கிறார். மூன்று இரவு உட்கார்ந்து டைப் பண்ணியது. செருகியதும் பச்சை டிக், உள்ளே வெறுமை. கடையில் நிற்கும் பிள்ளைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. டீச்சர் வேறு இடத்துக்குப் போக, அங்கே யாரோ ஃபோர்மட் பண்ணச் சொல்லியிருக்கிறார்கள். பண்ணிவிட்டு, புது ஃபைல்களையும் அதிலேயே ஏற்றிவிட்டார். மறுநாள் காலை என்னிடம் வந்தபோது மீட்கும் மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். பாதி வந்தது, கணித வினாத்தாள் வரவில்லை. "உங்க கடையில போட்டதுக்கப்புறம்தான் தம்பி போச்சு" என்றார். அவர் பார்த்தது அதுதானே, நான் என்ன பதில் சொல்வது? "உங்கள் ஃபைல்கள் பத்திரமாக இருக்கின்றன, மறைந்திருக்கின்றன" என்று அந்தப் பச்சைப் பெட்டியில் ஒரு வரி இருந்திருந்தால் போதும்.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். 2022இல் 13 மணி நேரம் வரைக்கும் கரண்ட் வெட்டிய நாட்களில் அப்டேட் பாதியில் நின்று நின்று போனது, அப்போதும் கடைக்குள் ஒன்றும் நுழையவில்லை. 4 ஜிபி ரேம் உள்ள பழைய மெஷினிலும் இழுக்கவில்லை. ஒரு முறை வேலை விண்ணப்பம் என்று மெயிலில் வந்த ஃபைல், பார்க்கப் பிடிஎஃப் மாதிரியே இருந்தது. ஃபைல் எந்த வகை என்று சொல்லும் பெயரின் கடைசி ஒட்டை விண்டோஸ் வழக்கமாகக் காட்டாது, அதனால் அது ஓடும் நிரல் என்று காட்டும் 'இஎக்ஸ்இ' பின்னால் ஒளிந்திருந்தது என் கண்ணில் படவே இல்லை. அன்டிவைரஸ்தான் திறக்க விடாமல் பிடித்துக்கொண்டது.

பக்கத்து ஸ்டூடியோக்காரரும் இதே அன்டிவைரஸ்தான் வைத்திருந்தார். படம் திருத்தும் மென்பொருளைக் காசு கட்டாமல் ஓட்டக் கிராக் இறக்கினார், அன்டிவைரஸை நிறுத்திவிட்டுப் போடச் சொல்லி அதிலேயே எழுதியிருந்தது, நிறுத்தினார். கலியாணப் படங்கள் எல்லாவற்றின் பெயரிலும் நான்கு எழுத்து வால் முளைத்தது. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு கடிதம்: 980 டொலர், 72 மணி நேரத்துக்குள் என்றால் 490. ஃபைல்களைப் பூட்டிவைத்துக் காசு கேட்கும் ஸ்டொப் என்ற பணயத் தீநிரல் அது. ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 150 கிலோபைட் அளவைத்தான் பூட்டும், படத்தைக் கெடுக்க அது போதும். நீளமான சில வீடியோக்களை மட்டும் ஓரளவு மீட்டோம். இந்தப் பூட்டைத் திறக்க எம்சிசொஃப்ட் என்ற பாதுகாப்பு மென்பொருள் கம்பனி 2019இல் வெளியிட்ட இலவசக் கருவியையும் ஓட்டிப் பார்த்தோம். அவருடைய ஃபைல்கள் அந்தத் தீநிரல் இணையம் வழியாக எடுத்த தனிச் சாவியால் பூட்டப்பட்டவை, திறக்கவில்லை. இதில் அன்டிவைரஸ் மீது குற்றமே இல்லை. அதன் கையைக் கட்டிவிட்டுத்தான் கதவைத் திறந்தார்.

தம்பி, கணக்குப் பார்த்தால் நீங்கள் இதை வாங்கலாம். என் கடையில் நான்கு வருடத்தில் ஒரு ஃபைல்கூட இதனால் அழியவில்லை. ஆனால் நான் இந்த முறை புதுப்பிக்கவில்லை. அந்த டீச்சர் கடை வாசலில் நின்றது கண்ணுக்குள்ளேயே இருக்கிறது, அதே கம்பனிக்கு இன்னொரு வருடம் காசு கட்ட மனசு வரவில்லை. கழற்றியதும் விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பு தானாகவே இயங்கத் தொடங்கியது. அதிலும் அட்ரிப் கட்டளையை நான்தான் அடிக்க வேண்டும், தெரியும். கடைப் பிள்ளைக்கும் அதைச் சொல்லிக்கொடுத்துவிட்டேன்.

மேசைக்கு முன்னால் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: "பென் டிரைவ் காலியாகத் தெரிந்தால் ஃபோர்மட் பண்ண வேண்டாம். எங்களிடம் கொடுங்கள். காசு வேண்டாம்."