காக்கிக் கவருக்கு ராக்வெல்லா, போடோனியா, ஃபியூச்சராவா?

கோத்தகிரியில் எங்கள் தேயிலைத்தூள் கவருக்கு ஆங்கிலப் பெயரை எந்த எழுத்துருவில் போடுவது என்று மூன்றை வைத்துப் பார்த்தோம். எடுத்தது ராக்வெல் போல்டு. அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பது தெரிந்ததே.

அழகுக்குத்தான் ஓட்டு என்றால் போடோனி ஜெயித்துவிடும். வழவழப்பான அட்டையில், சாக்லேட் பெட்டி மாதிரியான சரக்குக்கு அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஃபியூச்சரா சுத்தமாக இருக்கும், எங்கேயும் உறுத்தாது.

ஆனால் நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை. எங்கள் சரக்கு போவது சொரசொரப்பான காக்கித்தாள் கவரில். கொஞ்சம் என்றால் ரப்பர் ஸ்டாம்ப், நிறைய என்றால் ஸ்கிரீன் பிரிண்டிங். மழைக்காலத்தில் தாளே நமுத்துப்போய் மையை இழுக்கும். போடோனியின் மெல்லிய கோடுகள் லேசாகக் குத்தினால் விழாது. அழுத்திக் குத்தினால் ஈஷிக்கொள்ளும். ராக்வெல் 'ஸ்லாப் செரிஃப்' வகை: எழுத்தின் தலையிலும் காலிலும் இருக்கும் கட்டைகள் தண்டுக்கு ஏறக்குறைய சமமான தடிமன். கை கொஞ்சம் ஏறி இறங்கினாலும் எழுத்து எழுத்தாகவே நிற்கிறது. இந்த வகை 19ஆம் நூற்றாண்டு தொடக்கத்தில் லண்டனில் வந்து, விளம்பரத் தாள்களில் கத்திக் கூப்பிடத்தான் அதிகம் பயன்பட்டது. ராக்வெல் பிறகு வந்தது, 1934இல், மோனோடைப் நிறுவனத்திலிருந்து.

சரி, ஃபியூச்சராவிலும்தான் மெல்லிய கோடு இல்லையே? உண்மை, அதுவும் நன்றாகவே விழுகிறது. ஆனால் நீலகிரி என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதினால் மூன்று 'ஐ' வரும். ஃபியூச்சராவில் அவை மூன்றும் மொட்டைக் குச்சிகள். ராக்வெல்லில் ஒவ்வொன்றும் காலூன்றி நிற்பதால், அலமாரியின் மேல்தட்டில் இருந்தாலும் பெயர் படிக்கக் கிடைக்கிறது.

ராக்வெல் இடத்தைத் தின்னும். ஒல்லியான தைலப் பாட்டில் லேபிளில் பெயர் அடங்கவில்லை. அங்கே ஃபியூச்சராவின் ஒடுக்கமான வடிவத்தையே வைத்துக்கொண்டோம். எடை, விலை, டீ போடும் முறை போன்ற பொடி வரிகளுக்கும் ராக்வெல் போல்டு வேண்டாம், கண் களைத்துவிடும்.

தமிழ்ப் பெயருக்கு 'அனேக் தமிழ்' என்ற எழுத்துரு. கட்டைகள் இல்லாவிட்டாலும் ராக்வெல் பக்கத்தில் ஒட்டிப்போகிறது. எக்ஸ்ட்ரா போல்டு வரை போகாதீர்கள்: ஸ்டாம்பில் 'ண', 'இ' சுழிகள் அடைத்துக்கொள்கின்றன, புள்ளி எழுத்தோடு ஒட்டிவிடுகிறது. செமி போல்டு போதும்.

தகர டப்பாவில் நாங்கள் அடித்துப் பார்த்ததில்லை. கடை போர்டு பெயின்டர் கையால் எழுதியது, அதை வைத்து மூடுபனியில் எது தெரியும் என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

ராக்வெல் பல கணினிகளில் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸோடு வந்திருக்கும். இல்லையென்றால் அதே வகை எழுத்துருக்களான ராக்கிட், ரோபோட்டோ ஸ்லாப் இரண்டும் இலவசம். ஸ்டாம்ப் செய்யக் கொடுக்குமுன் உங்கள் கவர் அளவிலேயே ஒரு பிரிண்ட் எடுத்து, கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள்.