லுவாங் பிரபாங்கில் மூன்று நாள்: ஒக் பொப் டொக் நெசவுப் பயிற்சி

எங்கள் வீட்டுப் பரணில் ஓர் அடை இருக்கிறது. காஞ்சிபுரத்தில் ஜக்கார்டு பெட்டி (துளையிட்ட அட்டைகளைக் கொண்டு உருவத்துக்கான இழைகளைத் தூக்கும் கருவி) வருவதற்கு முன், சேலைக் கரையில் என்ன உருவம் வர வேண்டும் என்பதைக் கயிறாகக் கட்டி வைத்திருப்பதுதான் அடை. சிறுமியாக இருந்தபோது அப்பா தறியில் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் நின்று அந்தக் கயிறுகளை வரிசைப்படி இழுத்துக் கொடுத்தது நான்தான். அப்பா இப்போது இல்லை. அடை கட்டத் தெரிந்தவர் எங்கள் தெருவில் ஒருவர்கூட இல்லை. லாவோஸில் பெண்கள் இன்றைக்கும் உருவத்தைக் கயிற்றில் கட்டித்தான் நெய்கிறார்கள் என்று தெரிந்ததும், போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். 52 வயதில், தனியாக, முதல் வெளிநாட்டுப் பயணம்.

வீட்டில் எல்லோரும் தடுத்தார்கள். ஏழை நாடு, மொழி தெரியாது, ஒருத்தியாகப் போய் என்ன செய்வாய் என்றார்கள். சென்னையில் ஒரு பயண முகவர், தனி ஆளுக்கு ஏற்பாடு செய்வதாக முன்பணம் வாங்கிக்கொண்டு, குழு சேரவில்லை என்று இரண்டு மாதம் இழுத்தடித்தார். பணத்தைத் திரும்ப வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அப்புறம் என் மகளே உட்கார்ந்து சென்னையிலிருந்து பாங்காக், அங்கிருந்து லாவோஸின் லுவாங் பிரபாங் என்று விமானச் சீட்டு எடுத்துக் கொடுத்தாள்.

ஒக் பொப் டொக் 2000இல் ஒரு லாவோ பெண்ணும் ஓர் ஆங்கிலேயப் பெண்ணும் சேர்ந்து தொடங்கிய நெசவு நிறுவனம். பெயருக்கு ‘கிழக்கும் மேற்கும் சந்திக்கின்றன’ என்று பொருள். ஊருக்குள் கடை இருக்கிறது. பயிற்சி நடப்பது ஊரைத் தாண்டி மேக்கோங் ஆற்றங்கரையில் உள்ள அவர்களுடைய கைவினை மையத்தில். அரை நாள், ஒரு நாள் வகுப்புகளும் உண்டு. நான் எடுத்தது மூன்று நாள் வகுப்பு.

முதல் நாள் சாயம். தோட்டத்தில் செடிகளைக் காட்டியபோது எனக்குச் சொந்தக்காரர்களைப் பார்த்த மாதிரி இருந்தது. அவுரி, பதிமுகம், மஞ்சள், பலாக்கட்டை, சாப்பிரா விதை, கொம்பரக்கு (அரக்குப் பூச்சி குச்சியில் கட்டும் அரக்கு). எல்லாம் நம் ஊரிலும் உள்ளவை. நாம் கைவிட்டவற்றை அவர்கள் அடுப்பில் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். கொம்பரக்கை உரலில் இடித்து, கொதிக்க வைத்து, பட்டுச் சிட்டத்தை (நூல் கற்றையை) முக்கி எடுத்தேன். சிவப்பு ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கெமிக்கல் சாயத்தில் சீக்கிரமே முடிந்துவிடும் வேலை இது. ஆனால் இந்தச் சிவப்புக்குள் ஒரு கருமை இருக்கிறது, அது டப்பாச் சாயத்தில் வராது. அவுரித் தொட்டியிலிருந்து எடுக்கும்போது நூல் பச்சையாக இருக்கும், காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். நான் போனது ஜனவரி. காலைக் குளிரில் அவுரித் தொட்டி மந்தமாக வேலை செய்யும் என்பதால் வெயில் ஏறும்வரை காத்திருந்து முக்கினோம்.

அடுத்த இரண்டு நாளும் தறி. நம்முடையது குழிக்குள் கால் வைத்து நெய்யும் குழித்தறி, அவர்களுடையது பலகையில் உட்கார்ந்து நெய்யும் சட்டத் தறி. ஊடையை அடித்துச் சேர்க்கும் பண்ணை, இழைகளைத் தூக்கும் விழுது, காலால் அழுத்தும் மிதி எல்லாம் நமக்குத் தெரிந்தபடிதான். விழுதுக்குப் பின்னால் இருப்பதைப் பார்ப்பதற்காகத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன். பாவின் (தறியில் நீளவாக்கில் கட்டிய நூலின்) ஒவ்வொரு இழையையும் பிடித்தபடி நீளமான வெள்ளைக் கயிறுகள் மேலிருந்து கீழாகத் தொங்குகின்றன. அவற்றின் குறுக்கே, ஒன்றன்கீழ் ஒன்றாக நூல்கள் செருகப்பட்டிருக்கின்றன. ஒரு குறுக்கு நூல் என்றால் உருவத்தில் ஒரு வரி. நெசவாளி மேலே உள்ள குறுக்கு நூலைப் பிடித்து முன்னுக்கு இழுத்தால், அந்த வரிக்கு எந்த இழைகள் உயர வேண்டுமோ அவை மட்டும் பிரிந்து வருகின்றன. அந்த இடைவெளியில் வாள் போன்ற ஒரு பலகையைச் செருகி நிமிர்த்தி வைத்து, புட்டாவுக்கான, அதாவது அந்த உருவத்துக்கான ஊடையை (குறுக்கே போகும் நூலை)க் கோக்கிறார்கள். வேலை முடிந்ததும் அந்தக் குறுக்கு நூலைப் பாவுக்குக் கீழே உள்ள கயிற்றுக்கு மாற்றிவிடுகிறார்கள். மேலே உள்ளவை எல்லாம் தீர்ந்ததும் கீழிருந்து மேலாகத் திரும்பி வருகிறார்கள். அதனால்தான் லாவோத் துணிகளில் உருவம் கண்ணாடியில் பார்த்ததுபோல் முன்பாதியும் பின்பாதியும் ஒத்து வருகிறது. இதைப் புத்தகத்தில் படித்தபோது புரியவில்லை. விரலால் பிடித்து இழுத்தபோது ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது. இந்தக் கயிற்றுத் தொகுப்பை அப்படியே கழற்றிச் சுருட்டி வைக்கலாம், இன்னொருவருக்குக் கொடுக்கலாம். அப்பாவின் அடையும் அதே யோசனைதான், அமைப்பு மட்டும் வேறு.

இங்கே பயிற்சியாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெசவு கற்றுத் தந்த அம்மாவுக்கு லாவோ மட்டும்தான் தெரியும். ஆங்கிலம் பேசும் இளைஞர் ஒருவர் உடன் இருந்தார். தறியில் முதல் நாள் எல்லோருக்கும் போல எனக்கும் எளிய உருவத்தைக் கொடுத்தார்கள். நான் கொண்டுபோயிருந்த அடைத் துண்டை எடுத்து மேசையில் வைத்தேன். அந்த அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, முடிச்சுகளை எண்ண ஆரம்பித்துவிட்டார். அதற்குப் பிறகு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. குறுக்கு நூல் செருகுவது எப்படி, எந்த இழையை எடுத்து எதை விடுவது என்று பொறுமையாகக் கையைப் பிடித்துக் காட்டினார். தனியாகப் போகிறவர்களுக்கு என் முக்கியமான யோசனை இதுதான்: உங்கள் கையிலிருக்கும் வேலையில் ஒரு துண்டை எடுத்துப் போங்கள். வாயால் சொல்லிப் புரிய வைக்க முடியாததை அது சொல்லிவிடும்.

சும்மா ஒரு அனுபவத்துக்காகப் போகிறவர்களுக்கு அரை நாள் வகுப்பே போதும். தொழிலாக எடுத்துக்கொள்கிறவர்களுக்கு மூன்று நாளுக்குக் குறைவாகப் போவதில் அர்த்தமில்லை. கட்டணம் நம் ஊர்க் கணக்கில் அதிகம்தான், ஆனால் நூலும் சாயமும் சேர்த்தது. நீங்கள் நெய்ததை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். எனக்கு ஒரு ரூபாய்கூட வீணாகத் தெரியவில்லை.

மையத்திலேயே ஆற்றைப் பார்த்தபடி உணவகம் இருக்கிறது. பட்டுப்புழு எச்சத்தில் போட்ட தேநீர் கொடுக்கிறார்கள். முகம் சுளிக்க வேண்டாம். புழு தின்பது முசுக்கொட்டை இலை மட்டும்தானே, இலை வாசனையோடு மென்மையாக இருக்கிறது. நான் சைவம். வெளியே சாப்பிடும்போது காய்கறியிலும் ‘பாடேக்’ என்ற புளித்த மீன் சாறு ஊற்றிவிடுவார்கள். ‘போ சை பாடேக்’ என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். ‘போ’ என்றால் அவர்கள் மொழியில் ‘இல்லை, வேண்டாம்’. மூங்கில் கூடையில் வரும் ஒட்டரிசியைக் கையால் உருட்டிச் சாப்பிட நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதலில் தங்கிய விடுதி அறையில் சுவரெல்லாம் ஈரம். மறுநாளே மாறிவிட்டேன். மற்றபடி இரவு ஒன்பது மணிக்குத் தனியாக நடந்து வந்தபோதுகூட எனக்குப் பயம் தோன்றவில்லை. டாலரோ தாய்லாந்து பாட்டோ கசங்காத நோட்டாக எடுத்துப் போங்கள். மார்ச், ஏப்ரலில் காடு எரிக்கும் புகை ஊரை மூடும், அந்த மாதங்களைத் தவிருங்கள். இரவுச் சந்தையில் துணி வாங்கும் முன், மலையடிவாரத்தில் உள்ள பாரம்பரியக் கலை, இனவியல் மையத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். மோங், அக்கா, தை லூ என்ற இனக்குழு மக்களின் கைவேலையைப் பார்த்த பிறகு இயந்திரத் துணி தானாகவே அடையாளம் தெரிந்துவிடும்.

ஊர் திரும்பியதும் பழைய தறி ஒன்றில் கயிறு கட்டத் தொடங்கினேன். நம் முறுக்குப் பட்டுக்கு அவர்களுடைய கயிறு இடைவெளி ஒத்துவரவில்லை, மூன்று தடவை அவிழ்த்துக் கட்டினேன். இப்போது 18 குறுக்கு நூல் வரை ஏற்றியிருக்கிறேன். மேலிருந்து கீழே வரும்போது கரையில் பாதி ருத்ராட்ச உருவம் விழுகிறது. திரும்பி மேலே போகும்போது மீதிப் பாதி.