‘லிக்விட் ரெயின்போ ரெடி ஸ்டாக்’ என்று யாராவது வந்தால் பணம் அனுப்பாதீர்கள்

டயாப்லோ 3 ஆடுபவர்களுக்கு இது. விம்சிஷயர் என்ற ரகசியப் பகுதிக்கு வழி திறக்கும் ஸ்டாஃப் ஆஃப் ஹெர்டிங் என்ற கோலைச் செய்யத் தேவையான லிக்விட் ரெயின்போ, காளான் போன்ற பொருட்களை ரூபாய்க்கு விற்பதாக ஒருவர் கேமிங் குரூப்களில் சுற்றிக்கொண்டிருக்கிறார். என்னிடம் 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு காளானைக்கூடக் கண்ணில் காட்டவில்லை. பெயரை மாற்றி மாற்றி வருவதால் பெயரைப் போட்டுப் பயனில்லை. ஆள் பேசும் விதத்தைச் சொல்கிறேன்.

“ப்ரோ, ஃபுல் செட் இருக்கு, தனித்தனியாவும் தரேன்” என்றுதான் ஆரம்பிப்பார். கையோடு விலைப்பட்டியல் வரும். அதில் வர்ட்ஸ் பெல் மட்டும் 300 ரூபாய். கால்டியம் கடைவீதியில் ஸ்குவர்ட் என்ற வியாபாரியிடம், ஆட்டத்துக்குள் சேரும் காசான கோல்டில் 1 லட்சத்துக்கு அந்த மணி கிடைக்கும். இன்றைய ஆட்டத்தில் 1 லட்சம் கோல்டு குனிந்து பொறுக்கும் சில்லறை. கோயிலில் சும்மா கிடைக்கும் விபூதியைப் பொட்டலம் கட்டி விற்கிற கதைதான்.

எனக்கு வேண்டியிருந்தது மணி அல்ல, இசுவல் என்ற அரக்கனைக் கொன்றால் விழும், கோலுக்கான செய்முறைத் தாளும் கிபரிங் ஜெம்ஸ்டோன் என்ற கல்லும். இரண்டும் லேசில் வராது. ஜெம்ஸ்டோனைக் கொடுக்கும் சில்டாரா என்ற அரக்கி, பனிக்குகைக்குள் போகிற ஒவ்வொரு முறையும் இருக்கமாட்டாள். இருந்தாலும் கல் விழும் என்று உறுதியில்லை. இந்த எரிச்சல்தான் அவருக்கு முதலீடு.

“இதையெல்லாம் இன்னொருத்தருக்குக் கொடுக்க முடியுமா?” என்று கேட்டேன். “முன்னாடி கம்பெனியே ஏலக்கடை வச்சு வித்தாங்களே ப்ரோ” என்றார். பாதி உண்மை. காசுக்கு விற்கும் ஏலக்கடை இருந்தது. 2014 மார்ச் 18 அன்று மூடிவிட்டார்கள். இப்போது இந்தப் பொருட்கள் எடுத்தவர் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும், கை மாறாது. ஆதாரமென்று அவர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் பிளாக் மஷ்ரூமின் விவரப் பெட்டி பளிச்சென்று இருந்தது, ஆனால் அடிப்பக்கம் வெட்டப்பட்டிருந்தது. பிறகு கதீட்ரலின் முதல் தளத்தில் எனக்கே ஒரு காளான் கிடைத்தது. அதன் விவரத்தைப் பார்த்தால், அவர் வெட்டிய பகுதியில் இருந்தது ‘அக்கவுண்ட் பவுண்ட்’ என்ற வரி!

பணம் போனதும் அடுத்த படி. பார்ட்டியில் சேரச் சொன்னார், ஆட்டத்தில் வரும் நியூ டிரிஸ்ட்ரம் ஊரில் வந்து நின்றார். “டிரேட் லாக் ஆகுது ப்ரோ, பாஸ்வேர்ட் குடுங்க, நானே உங்க ஐடியில ஆடி எடுத்துத் தரேன். பைலட் சார்ஜ் 500 தனி.” மறுத்தேன். பார்ட்டியிலிருந்து போனார், குரூப்பிலும் பிளாக். 1,500 அவருக்குச் சின்ன வருமானம்தான், உண்மையான குறி கணக்கு. பாஸ்வேர்ட் கொடுத்தவர்கள் நிறுவனத்திடம் முறையிடவும் தயங்குவார்கள், ஏனென்றால் கணக்கைப் பிறரிடம் கொடுப்பதே விதிமீறல். அவருடைய தைரியத்துக்கு அதுதான் காரணம்.

‘காஸ்மிக் விங்ஸ் கேரண்டி’ என்று, அலங்காரச் சிறகுகளையும் இதே ஆள் விற்கிறார். ரெயின்போ காப்ளின் எங்கே வரும் என்று யாருக்கும் தெரியாது. அதைக் கொன்று விம்சிடேல் என்ற வேறொரு ரகசியப் பகுதிக்குள் போனாலும், சிறகைக் கொடுக்கும் இளவரசி லிலியன் அங்கே இருக்கவேண்டுமே! இதில் எவராலும் கேரண்டி தரமுடியாது.

மிச்சப் பொருட்களும் இனாம்தான். லியோரிக் மன்னனின் எலும்பு அவன் மாளிகைக் கணப்படுப்புச் சாம்பலில் இருக்கும். லிக்விட் ரெயின்போ டால்கூர் பாலைச்சோலையின் மர்மக் குகையில், இரண்டாம் தளத்துப் பெட்டியில். குகை வாசல் தென்படவில்லையென்றால் வெளியே வந்து புது ஆட்டம் தொடங்குங்கள், வரைபடம் மாறும். எல்லாம் சேர்ந்ததும் கொல்லன் ஹேட்ரிக் கோலைச் செய்துகொடுப்பான்.

ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் பரிவர்த்தனை எண்ணையும் உரையாடல் ஸ்கிரீன்ஷாட்டுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். பாஸ்வேர்டையும் கொடுத்திருந்தால் முதலில் அதை மாற்றி, ஆத்தென்டிகேட்டரை (உள்நுழைய இரண்டாவது சரிபார்ப்பு) போட்டுவிட்டு அழையுங்கள்.